முன்குழாயில் ஓர் ஓட்டை

புகைச் சோதனையில் மூன்றாவது தடவையும் கார் தோற்றுவிட்டது என்று எல்விரா சொன்னாள். வெர்ன் அவள் நீட்டிய தாளை வாங்கி நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், பிறகு ஆபீஸ் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ஃப்ரெஸ்னோவில் இந்த மாதிரிக் கடைச் சுவர்கள் பெயருக்குத்தான் சுவர், உள்ளே வெறும் அட்டை. கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"போன தடவை டெஸ்ட் பண்ணவனுக்கு ரெண்டு பல்லு போச்சு, தெரியுமா?" என்றான் கையை இழுத்துக்கொண்டே.

"தெரியும். அது கட்டுன பல்லு. புதுசு போட்டுட்டான். கையை மெதுவா உருவு, உள்ள ஆணி இருக்கு."

உருவினான். ஆணி தன் வேலையைக் காட்டியிருந்தது. எல்விரா கிரீஸ் துடைக்கிற துணிகளில் சுத்தமானதாக ஒன்றைத் தேடி அவன் மேல் விட்டெறிந்தாள். ஆள் பனைமரம் உயரம். பாதாம் தோட்டங்களில் மரத்தைப் பிடித்து உலுக்குகிற யந்திரம் ஓட்டுகிறவன். எதைப் பார்த்தாலும் உலுக்கினால் கொட்டிவிடும் என்று நினைக்கிற புத்தி.

"நான் சொல்றதைக் கேளு. அந்த டெஸ்ட் குழாயை வேற நல்ல வண்டி பின்னாடி சொருகு. பாஸ்னு அடிச்சுக் குடு. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான பண்றான்?"

"பண்றவன்கிட்ட போ."

"இந்த வாரம் பதிவைப் புதுப்பிக்கலைன்னா வண்டியை வெளிய எடுக்க முடியாது. வேலைக்கு நடந்தா போவேன்?"

"நடந்தா உனக்கு நல்லதுதான், கோபம் குறையும். இதுவரைக்கும் நீ என்னென்ன மாத்துனன்னு சொல்லு."

வெர்ன் சொன்னான். பிளக் புதுசு. புகைக் குழாயில் இருக்கிற சென்சார் புதுசு. புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வெர்ட்டர் இரண்டு தடவை புதுசு. முதல் கன்வெர்ட்டர் ஆறே மாதத்தில் செத்தது, அதை விற்றவன் வீட்டுக்குப் போய் அவனுடைய தபால் பெட்டியைப் பிடுங்கிவிட்டு வந்தான். காரை வாங்கினது முதல் அதன் அடியில் எதுவோ கிலுகிலு என்று ஆடுகிறது. எங்கே ஆடுகிறது என்று எவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. வைசேலியா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய கார். விற்றவன் முகம்கூட ஞாபகமில்லை, ஞாபகம் இருந்தால் அந்த முகம் இப்போது முழுசாக இருக்காது.

"எதிர்க் கடையில போய் உக்காரு. மத்தியானத்துக்குள்ள சொல்றேன்."

"சொல்லலைன்னா?"

எல்விரா மேஜைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். போன வருஷம் வேலி ஏறிக் குதித்து ஒரு லாரிக்கு அடியில் படுத்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தனின் முகத்தை அதே கம்பி இரண்டாக்கியது. அந்தத் தெருவில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. வெர்ன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையில் கத்துகிற வேலை, சிரிக்கிற வேலை இரண்டும் அவள் புருஷன் ராமிரோவுடையது. இவள் கணக்கையும் சோதனை யந்திரத்தையும் பார்த்துக்கொண்டாள். ஒரு மே மாதத்து இரவு, முற்றத்தில் நின்ற வண்டிகளின் கன்வெர்ட்டர்களை, உள்ளே இருக்கிற விலை உயர்ந்த உலோகத்துக்காக, அறுத்துப் போக ஒரு கும்பல் வந்தது. ரம்பச் சத்தம் கேட்டு ராமிரோ துப்பாக்கியோடு மாடியிலிருந்து இறங்கி ஓடினான். மூன்று வேட்டு கேட்டது. எல்விரா போய்ச் சேர்வதற்குள் கும்பலின் கார் அவன் மேல் ஏறிப் போயிருந்தது. இடுப்புக்குக் கீழே மனிதன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "யாருன்னு பாக்கல, எல்வி. நான் யாரையும் பாக்கல," என்றான். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அதையே சொன்னான். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு குண்டு பக்கத்து டயர் கடைச் சுவரில் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவே இல்லை. அது வானத்துக்குப் போயிருக்கும் என்றது போலீஸ். அடிபட்டு விழுந்த பிறகு, ஓடுகிற காரைப் பார்த்துச் சுட்டிருப்பான், கை எங்கேயோ போயிருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். எல்விரா நம்பவில்லை. முதல் இரண்டும் மிரட்டச் சுட்டது, ராமிரோ குறி பார்த்துச் சுட்டால் படும். அந்த மூன்றாவது குண்டு எவன் காரிலோ இருக்கிறது, அந்தக் கார் ஒருநாள் புகைச் சோதனைக்கு எவன் கடைக்காவது வந்தே தீர வேண்டும், பழைய கார் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வராமல் தப்பிக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்தையும் அவள் கையால் தடவிப் பார்ப்பாள். டிக்கி, பம்பர், பின்கதவு, பின்சக்கரத்து வளைவு. கிழவிகளின் கார், பாதிரியாரின் கார், யாருடையது என்றாலும் சரி. இன்று காலை வெர்னின் பச்சைக் காரையும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

காரை உருளைகள் மேல் ஏற்றி மறுபடி ஓட்டினாள். கார்பன் மோனாக்சைடு எகிறியது. எரியாத பெட்ரோல் அதைவிட மோசம். அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கிற வண்டி, சந்தேகமே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தால் சென்சார் நேர்மாறாகக் கதறியது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை, இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று. கம்ப்யூட்டர் பாவம், அது சொன்னதைக் கேட்டு ஊற்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் கன்வெர்ட்டர் மாற்றி மாற்றிச் செத்தது.

"யாருடா பொய் சொல்றது உங்க ரெண்டு பேர்ல?" என்றாள் காரைப் பார்த்து. தனியாக இருக்கும்போது வண்டிகளோடு பேசுவது ராமிரோவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எஞ்சினின் மூச்சுக் குழாயில் கொஞ்சம் கேஸை விட்டாள். சென்சார் உடனே மாற்றிச் சொன்னது. ஆக, சென்சார் நல்ல சென்சார். பொய் அதனுடையது இல்லை. வெளிக்காற்று எங்கிருந்தோ அதற்கு முன்னால் உள்ளே புகுகிறது, அதைத்தான் அது மோந்து பார்த்துச் சொல்கிறது. எஞ்சினுக்கும் சென்சாருக்கும் நடுவில் புகைக் குழாயில் ஓட்டை. இந்த வண்டியைப் பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் பாகத்தை மாற்றினார்களே தவிர ஒருத்தனாவது ஓட்டையைத் தேடவில்லை. சோம்பேறிகள்.

லிஃப்டில் ஏற்றி காரைத் தலைக்கு மேலே தூக்கினாள். வால் குழாயை அடைத்து, புகை விடுகிற பெட்டியின் குழலைச் செருகி ஓடவிட்டாள். வெள்ளைப் புகை குழாய் வழியாக மெல்ல முன்னால் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் இறங்குகிற முன்குழாயில், வெப்பத்தைத் தடுக்கிற தகட்டின் ஓரத்திலிருந்து ஊதுவத்தி மாதிரி ஒரு இழை கசிந்தது.

"அங்கயா ஒளிஞ்சிருக்க?"

துருப்பிடித்த நாலு போல்ட்டில் இரண்டு உடைந்தன. தகட்டைக் கழற்றினாள். உள்ளே குழாயைச் சுற்றி ஒரு பீர் டப்பாவின் தகரத்தை வெட்டி வைத்து, வேலிக் கம்பியால் மூன்று இடத்தில் கட்டியிருந்தது. எல்விராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய ஜனங்களில் எத்தனை பேர் இப்படி ஒட்டுப்போட்டு லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் போய்வந்திருக்கிறார்கள் என்று எண்ணி முடியாது. எந்த மகானுபாவன் வேலையோ என்று விளக்கைக் கிட்டே கொண்டு போனாள். கம்பியின் முறுக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கம்பி இரட்டையாக மடித்திருந்தது. முறுக்கு இடது பக்கமாக ஓடியது. முறுக்கி முடித்த வாலை வெட்டி அப்படியே விடாமல், கை கிழிக்காதபடி சுருட்டி வளையத்துக்குள் திரும்பச் செருகியிருந்தது. மூன்று கட்டும் அதே மாதிரி.

இந்த முறுக்கை அவள் தினமும் பார்க்கிறாள். கடையைத் திறக்கும்போதும் மூடும்போதும் பார்க்கிறாள்.

விளக்கைத் தரையில் வைத்துவிட்டு வெயிலில் முற்றத்தைக் கடந்து கேட்டுக்குப் போனாள். ராமிரோ விழுந்த இடத்தில், வேலியோரம், அவர்கள் ஜனங்களின் வழக்கப்படி ஒரு சிலுவை நட்டிருந்தது. வெள்ளை மரச் சிலுவை, அவன் பெயர், காகிதப் பூக்கள். காற்றில் சாயாதபடி அதை வேலியோடு சேர்த்துக் கட்டியது ராமிரோவின் தம்பி லாலோ. ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்கள் நாளன்று சாமந்திப் பூ கொண்டுவந்து கட்டுவதும் லாலோதான். அண்ணனை அடக்கம் செய்த மறுநாளே அவன் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். சம்பளம் கேட்கவில்லை. வேலி, கதவு, நாய்க் கூண்டு, எது பிய்ந்தாலும் ஒரு துண்டுக் கம்பியோடு வந்து நிற்பான். கொழுந்தன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தேவாலயத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். எல்விராவும் அப்படித்தான் நினைத்தாள்.

குனிந்து பார்த்தாள். இரட்டைக் கம்பி. இடது முறுக்கு. உள்ளே செருகிய வால்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேர் இடது கைக்காரர்கள் இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைத் தானே நம்பாமல் திரும்பி வந்தாள்.

கட்டிங் பிளேயரால் மூன்று கட்டுகளையும் வெட்டினாள். தகரம் விழுந்தது. ஓட்டை வட்டமாக இருந்தது. துரு தின்ற ஓட்டைக்கு இப்படி வட்டம் வராது. ஓரம் முழுக்க உள்பக்கமாக மடிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அதில் விட்டுப் பார்த்தாள். அதன் பிடி காரின் முன்பக்கமாக, மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது.

முன்னாலிருந்து வந்த குண்டு. மேலேயிருந்து கீழே.

இரண்டு வருஷமாக அவள் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்! ராமிரோ விழுந்து கிடந்து சுடவில்லை. காருக்கு எதிரே நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சுட்டிருக்கிறான். முற்றத்து விளக்கு அந்தக் கேட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. எதிரே நின்றவனுக்கு ஓட்டுகிறவனின் முகம் தெரியாமலா இருந்திருக்கும்?

முன்குழாயைக் கழற்றிக் கவிழ்த்தாள். வளைவுக்குள் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது அவள் உள்ளங்கையில் விழுந்தது. குண்டின் செம்புத் தோல். உள்ளே இருந்த ஈயம் சூட்டில் உருகி எப்போதோ போய்விட்டது. வெறும் கூடு, கறுத்து, நசுங்கி. அவள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பித்தானையும் போட்டுக்கொண்டாள்.

காலையில் வெளி வேலைக்குப் போயிருந்த லாலோ தன் டிரக்கிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களோடு இறங்கினான். இருபத்தொன்பது வயது, ராமிரோவின் அதே புருவம். அப்பன் ஓடிப்போன பிறகு அவனுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது ராமிரோ. ஷூ நாடா கட்டக்கூட அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ராமிரோதான்.

"அண்ணி, சூடா இருக்கு, வாங்க. இன்னிக்கு மாட்டு நாக்கு தீர்ந்துடுச்சாம். கன்னக்கறிதான் வாங்கினேன். சுவத்துல என்ன ஓட்டை? எதிர்க் கடையில கையில துணி சுத்திட்டு உக்காந்திருக்கானே, அந்த உலுக்குற பயலா?"

"அவன்தான். சாப்பாட்டை வை. வந்து கொஞ்சம் விளக்கைப் பிடி."

வந்தான். வாயில் ஏதோ மென்றுகொண்டே காருக்கு அடியில் போய் விளக்கை மேலே தூக்கிப் பிடித்தான். குழாய் இல்லாத இடத்தைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த குழாயையும், தகரத்தையும், வெட்டிய கம்பிகளையும் பார்த்தான். மெல்லுவது நின்றது. பச்சைப் பெயிண்ட்டுக்கு அடியில் இருந்த பழைய வெள்ளைக் காரை அவன் அப்போதுதான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"இந்த வண்டி எப்ப வந்துச்சு?" என்றான்.

"காலைல. லாலோ, இந்தக் கம்பியை யாரு கட்டினது?"

"எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது..."

ஆபீஸிலிருந்து அவள் எடுத்து வந்திருந்த ஜாக்கிக் கம்பி அவன் வலது முட்டியில் பக்கவாட்டில் விழுந்தது. பச்சைக் கிளையை ஒடிக்கிற சத்தம். லாலோ அலறிக்கொண்டு காருக்கு நேர் கீழே மல்லாக்க விழுந்தான். விளக்கு உருண்டு ஓடியது. நகரப் பார்த்தான். அவள் அடுத்த முட்டியிலும் போட்டாள்.

"யாரு கட்டினது?"

"அண்ணி! அண்ணி, வேணாம்!"

அவள் தூணுக்குப் போய் லிஃப்டின் பூட்டுகளை விடுவித்து, பிடியை அழுத்தினாள். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுக் கார் கீழே வரத் தொடங்கியது. லாலோ இரண்டு கையையும் மேலே தூக்கினான், அத்தனை பெரிய இரும்பைக் கையால் நிறுத்திவிடலாம் என்பது போல. கை மடங்கியது. முழங்கை தரையைத் தொட்டது. குழாய் கழற்றிய இடத்துக் கூரிய விளிம்பு அவன் சட்டையில் பட்டு, மார்பில் பட்டு, ஒரு மூச்சு அளவு அழுத்தியது. அங்கே நிறுத்தினாள். ரத்தம் ஒரு கோடாகச் சட்டைக்குள் பரவியது.

"இப்படித்தான் இருந்துச்சு அவனுக்கு. இன்னும் ஒரு விரக்கடை இறங்குனா முழுசா தெரிஞ்சுக்கலாம். பேசு."

"நான்தான்... நான்தான் கட்டினேன். மறுநாள் காலைல. சத்தம் தெருவுக்கே கேட்டுது அண்ணி, அதான்..."

"ஓட்டினது யாரு?"

லாலோ தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பிடியைத் தொட்டாள். கார் ஒரு சொடக்கு இறங்கியது. அவன் தொண்டையிலிருந்து மனிதக் குரல் மாதிரியே இல்லாத ஒன்று வந்தது.

"நான்! நான்தான் ஓட்டினேன். கூட வந்தவன் அடியில படுத்து அறுத்துட்டு இருந்தான். அண்ணன் அன்னிக்கு மடேராவுல இருப்பான்னு நெனச்சேன். சத்தியமா அண்ணி, அண்ணன் ஊர்ல இல்லைன்னு நெனச்சேன்."

"மேல சொல்லு."

"ரெண்டு தடவை சுட்டான். கூட வந்தவன் பின்னாடி ஏறிட்டான். நான் கேட்டுக்குத் திருப்பினேன். அண்ணன் எதிர வந்து நின்னுட்டான். துப்பாக்கி நேரா என் மூஞ்சிக்கு. அப்ப விளக்குல என்னைப் பாத்தான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் ரத்தமும் காதுக்குள் வழிந்தன. "லாலோன்னு கூப்பிட்டான். சாப்பிடக் கூப்பிடுற மாதிரி. துப்பாக்கியைக் கீழ இறக்குனான். இறக்கும்போது அதுவா வெடிச்சுது. நான் பயந்துட்டேன் அண்ணி. அந்தச் சத்தத்துல என் கால் அழுத்திடுச்சு. கால் தானா அழுத்திடுச்சு."

"அழுத்தினது சரி. எடுக்கவே இல்லையே?"

வாசலில் நிழல் விழுந்தது. வெர்ன் நின்றிருந்தான், ஒரு கையில் துணிக் கட்டு, இன்னொரு கையில் பீர். மத்தியானம் ஆகிவிட்டது, சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். "என் வண்டி..." என்று ஆரம்பித்தவன் வண்டியையும் அதற்கு அடியில் இருப்பதையும் பார்த்தான். பீர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஏம்மா, என் வண்டிக்கு அடியில ஆள் இருக்கான்."

"தெரியும். அங்கயே நில்லு."

"மேல தூக்கும்மா. செத்துருவான்மா." பல் உடைப்பவன், தபால் பெட்டி பிடுங்குபவன், இப்போது குரல் உள்ளே போய்க் கெஞ்சினான். "வண்டி பாஸ் ஆகாட்டி பரவால்ல. தூக்கிடும்மா."

எல்விராவின் கை பிடியில் இருந்தது. அவளுக்கு இறக்கத்தான் ஆசை. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு இரவும் படுக்கையில் இதைத்தான் செய்து பார்த்திருக்கிறாள், வேறு வேறு முகங்களுக்கு. இந்த முகத்துக்கு மட்டும் செய்து பார்த்ததில்லை. இந்த முகத்துக்குச் சோறு வைத்திருக்கிறாள்.

"இறக்கிடுங்க அண்ணி," என்றான் லாலோ கண்ணை மூடிக்கொண்டு. "முடிச்சுடுங்க."

யாருன்னு பாக்கல, எல்வி. நான் யாரையும் பாக்கல.

அந்தப் பாவி ராமிரோ, உடம்பு பாதி போன நிலையில், மூச்சுக்கு மூச்சு வலியில், அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான். சாகிற நேரத்தில் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை வைக்கவில்லை. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் தம்பிக்காகச் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறான். எல்விராவுக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து வந்தால் அறைந்திருப்பாள். அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். முகத்துக்கு நேரே பிடித்த துப்பாக்கியை இறக்கினானே, பைத்தியக்காரன். இப்போது இவள் இதை இறக்கினால் அவன் அன்றைக்குச் செய்தது அத்தனையும் வீணாகப் போய்விடும். இறக்காமல் விட்டால் இவளுடைய இரண்டு வருஷம் வீண். "நாசமாப் போனவனே," என்றாள் சத்தமாக. அது லாலோவுக்கு என்றுதான் வெர்ன் நினைத்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. கார் மேலே எழுந்தது.

வெர்ன் ஓடிப்போய் லாலோவைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தான். முட்டிகள் இரண்டும் தப்பான திசையில் தொங்கின. லாலோ கத்தி முடித்து, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கினான். வெர்ன் தன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவன் மார்பில் வைத்து அமுக்கினான்.

"போலீசைக் கூப்பிடு," என்றாள் எல்விரா அவனிடம். "ஆம்புலன்சும். ரெண்டையும்."

"போலீஸ் வந்தா உன்னையும் பிடிச்சுட்டுப் போவாங்களே. இவன் காலை..."

"பிடிக்கட்டும். கூப்பிடு."

வெர்ன் போனை எடுத்தான். அப்போதுதான் லாலோ கைகளால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து அவள் பூட்ஸைப் பிடித்தான். இடது கை. கம்பி முறுக்குகிற கை.

"அண்ணி, அண்ணனே சொல்லலையே. அண்ணனே என்னைக் காட்டிக் குடுக்கலையே. செத்துப்போனவன் விட்டுட்டான். நீங்க ஏன் அண்ணி? நான் உங்களுக்கு ஒழைக்கலையா? ரெண்டு வருஷமா நாய் மாதிரி கெடக்கலையா?"

அவள் அவன் கை மேல் காலை வைக்கவில்லை. அவன் பிடியிலிருந்து பூட்ஸை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.

"அவன் பாக்கலைன்னு சொல்லிட்டுச் செத்தான், லாலோ. அது அவனுக்கும் உனக்கும். நான் பாத்துட்டேன்."

கட்டிங் பிளேயர் தரையில் தகரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். பின்னால் வெர்ன் போனில் விலாசம் சொல்லத் தெரியாமல் தெருப் பெயரைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். சிலுவையின் முன்னால் மண்டியிட்டு, அதை வேலியோடு பிணைத்திருந்த மேல் கம்பியை வெட்டினாள். நடுக் கம்பியை வெட்டினாள். அடிக் கம்பி இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினாள். பிடிமானம் போனதும் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெயிலில் மரம் கொதித்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைரன் கேட்கும் வரை அவள் அதை வெறும் கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.